முதலில் அளவு நாடாவை எடும்மா!
போர் விமானி ஆக விரும்பும் பெண்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விமானப்படை மருத்துவர் பதில்

'விமானப்படை பற்றிப் பெண்கள் கேட்கலாம், டாக்டர் பதில் சொல்வார்' என்று போன இதழில் ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தார். இருபது முப்பது கடிதம் வரும் என்று நினைத்தேன். ஒரு மஞ்சப்பை நிறைய வந்திருக்கிறது. எழுதியவர்களில் பாதிப் பேர், 'பெயர் போடாதீங்க டாக்டரம்மா, வீட்டுக்குத் தெரியாது' என்று அடியில் கோடு போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதனால் யார் பெயரும் இங்கே இல்லை. ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை, விமானிகளுக்கு டாக்டர். 'பறக்கத் தகுதி', 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு வேலை. இப்போது இருப்பது கிழக்குத் தாம்பரத்தில். காலையில் டிகாஷன் இறங்கும் நேரத்துக்குத் தலைக்கு மேல் பயிற்சி விமானம் போகும். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிற பள்ளி இங்கேதான் இருக்கிறது.

சங்கரன்கோவில், பிளஸ் டூ மாணவி: நான் ஃபைட்டர் பைலட் ஆக வேண்டும். எந்தப் பரீட்சைக்கு அப்ளை பண்ண வேண்டும்? பயோ-மேத்ஸ் குரூப் படிக்கிறேன்.

ஃபைட்டர் பைலட் என்று ஒரு விண்ணப்பமே கிடையாதும்மா. விமானி ஆவதற்குத்தான் விண்ணப்பம். போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதை அப்புறம் அவர்கள் முடிவு செய்வார்கள். ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் அகாடமியில் பிலாட்டஸ் என்கிற சுவிட்சர்லாந்து விமானத்தில் முதல் கட்டப் பயிற்சி நடக்கும். அதில் நீ எப்படிப் பறக்கிறாய், படையில் எத்தனை பேர் எங்கே தேவை, உன் விருப்பம் என்ன என்று எல்லாம் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

முதல் மூன்று பெண் போர் விமானிகள் கதையே அதுதான். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் விமானப்படையில் சேர்ந்தபோது பெண்களுக்கு ஃபைட்டர் பிரிவு திறக்கவே இல்லை. 1990களின் நடுவிலிருந்து பெண்கள் சரக்கு விமானமும் ஹெலிகாப்டரும்தான் ஓட்டினார்கள். 2015 அக்டோபரில் அரசு அனுமதி தந்தபோது இவர்கள் பயிற்சியில் இருந்தார்கள். கதவு திறந்த நேரத்தில் வாசலில் நின்றதால் உள்ளே போக முடிந்தது. 2016 ஜூன் 18 அன்று அதிகாரிகள் ஆனார்கள். 2018 பிப்ரவரியில் ஜாம்நகரில் அவனி மிக்-21 பைசன் போர் விமானத்தைத் தனியாக ஓட்டினார். சோதனை முயற்சியாகத் தொடங்கிய திட்டத்தை 2022-ல் நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கு நீ விண்ணப்பித்தால் மூன்று பிரிவும் உனக்கு உண்டு.

வழி இரண்டு. ஒன்று என்டிஏ, அதாவது முப்படைக்கும் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. அதற்கான பரீட்சையை யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். உன் குரூப்பில் மூன்றும் இருக்கிறது. கணிதம் இல்லாத பயாலஜி குரூப் என்றால் இந்தக் கதவு மூடியிருக்கும். உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்ன பிறகுதான் பெண்களை என்டிஏ பரீட்சை எழுதவே விட்டார்கள். 2022-ல் உள்ளே போன முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆனால் இடம் மிகக் குறைவு. சமீப வருஷ அறிவிப்புகளில் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு 92 இடம், பெண்களுக்கு அதில் 2. பக்கத்தில் பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை, வெறும் இரண்டுதான். இந்தியா முழுக்கச் சேர்த்து.

அதனால் இரண்டாவது வழியையும் கையில் வைத்துக்கொள். பட்டப்படிப்பு முடித்து ஆஃப்கேட், அதாவது விமானப்படையே நடத்தும் நுழைவுத் தேர்வு. 20 முதல் 24 வயது. டிகிரியில் 60 சதவீதம், பிளஸ் டூ கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதம். இது குறுகிய காலப் பணி, பறக்கும் பிரிவுக்கு 14 வருஷம். காலேஜில் என்சிசி விமானப் பிரிவில் சேர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கிவிட்டால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத் தேர்வுக்குப் போகிற வாய்ப்பும் உண்டு. அப்ளை பண்ணும் வருஷத்து அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீயே படி. யூடியூபில் ஒரு அண்ணன் சொன்னார் என்று வந்து நிற்காதே.

திண்டுக்கல், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு: என் உயரம் 158 செ.மீ. உயரமாக்கும் மாத்திரை, ஆசனம் ஏதாவது உண்டா?

இல்லை. உங்கள் வயதில் எலும்பு வளர்ச்சி முடிந்திருக்கும். மாத்திரை விற்பவனுக்குத்தான் பணம் வளரும்.

பறக்கும் பிரிவுக்குக் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். அதோடு முடிவதில்லை. இன்னும் மூன்று அளவு உண்டு. அவற்றை நிறையப் பேர் மெடிக்கலுக்கு, அதாவது மருத்துவப் பரிசோதனைக்கு, வந்து நிற்கும்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம். ஒவ்வொரு பிளஸ் டூ வகுப்பிலும் ஒரு சார்ட்டில் எழுதி மாட்டலாம்.

இன்றைக்கே வீட்டில் அளந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து முதுகையும் இடுப்பையும் சுவரோடு ஒட்டி, காலை நேரே நீட்டுங்கள். சுவரிலிருந்து குதிகால் அடி வரை 99-க்குக் குறையக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது. இது கால் நீளம். அப்புறம் ஒரு ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, இடுப்பை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். சுவரிலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை 64-க்கு மேல் போகக் கூடாது. இது தொடை நீளம். அப்படியே ஸ்டூல் பலகையிலிருந்து உச்சந்தலை வரை அளந்தால் 81.5-க்கும் 96-க்கும் நடுவில் வர வேண்டும். டெய்லர் நாடா போதும். உச்சந்தலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டமாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கொண்டையை அவிழ்த்துவிட்டு அளங்கள்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? கால் குட்டையாக இருந்தால், விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்புகிற ரடர் மிதியை முழுக்க அழுத்த முடியாது. உட்கார்ந்த உயரம் அதிகமானால் ஹெல்மெட் மேலே கண்ணாடிக் கூண்டில் இடிக்கும், குறைந்தால் முன்னால் ஓடுபாதை தெரியாது. தொடை நீளத்துக்குக் காரணம் இன்னும் கடுமையானது. ஆபத்தில் விமானி கைப்பிடியை இழுத்தால் இருக்கை ராக்கெட் மாதிரி மேலே பாயும். முழங்கால் நீண்டு முன்பலகைக்கு அடியில் இருந்தால், இருக்கை வெளியே போகும்போது முழங்கால் தட்டிவிடும். அந்தப் பாய்ச்சலில் முதுகெலும்பு நசுங்காமல் தாங்க வேண்டும். அதற்காகத்தான் முதுகெலும்பு எக்ஸ்ரே. 'எனக்கு முதுகுவலியே இல்லையே, ஏன் டாக்டர் எக்ஸ்ரே?' என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை 171 செ.மீ. உயரத்தில் ஒரு பெண் வந்தாள். கூடைப்பந்து விளையாடுகிறவள், நேர்முகத் தேர்வில் நல்ல பேர் வாங்கியவள். தொடை நீளம் 65. மறுபடி அளந்தேன், 65. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன், 64.9. அவள் சுவரை விட்டு எழவே இல்லை. "இன்னும் ஒரு தடவை மேடம்" என்றாள். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்தே வளர்ந்திருக்கிறாள்.

உங்களுக்கு வருவோம். 158-ல் விமானப்படை விமானி முடியாது. ஆனால் தரைப்பணிப் பிரிவுகளுக்குப் பெண்களின் உயரம் 152 போதும். ரேடாரில் உட்கார்ந்து போர் விமானங்களை வழிநடத்துகிற அதிகாரி, வானிலை அதிகாரி, பொறியாளர் எல்லாம் அதில் வருவார்கள். பறந்தே ஆக வேண்டும் என்றால் பயணிகள் விமானத்தில் இந்த 162.5 கணக்குக் கிடையாது. என்ன, அங்கே செலவு உங்கள் வீட்டுப் பணம்.

நாகர்கோவில்: எனக்கு வயது 18. கண்ணாடி பவர் மைனஸ் 0.75. லேசர் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று விளம்பரத்தில் பார்த்தேன்.

அவசரப்பட்டு மேஜையில் படுத்துவிடாதே. 20 வயதுக்கு முன் லேசர் செய்துகொண்டால் அதற்காகவே உன்னை நிராகரிப்பார்கள். என்டிஏ வயதுக்காரர்களுக்கு ஆகவே அந்த வழியே இல்லை. 20-க்கு மேல் செய்தவர்களை ஆஃப்கேட்டில் நிபந்தனையோடு பார்ப்பார்கள். செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், விழியின் நீளம், கருவிழிப் படலத்தின் தடிமன், மீதமிருக்கும் பவர் எல்லாம் அளப்பார்கள். செய்துகொள்வதற்கு முன்னால் அந்த வருஷ அறிவிப்பின் கண் பகுதியைப் பிரிண்ட் எடுத்துக் கண் டாக்டரிடம் காட்டி, 'என் கண் இதற்குள் வருமா?' என்று கேள்.

லேசர் இல்லாமல் என்றால், ஒரு கண் 6/6, இன்னொரு கண் 6/9 வேண்டும். கிட்டப்பார்வை ஆகாது. நிறக்குருடு கூடவே கூடாது.

மறைக்கவும் பார்க்காதே. கண் பரிசோதனை எழுத்துப் போர்டை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு பெண் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரியை ஒப்பித்துவிட்டாள். நான் அன்றைக்கு வேறு போர்டு மாட்டியிருந்தேன்.

கோவில்பட்டி: பத்தாவது வரை தமிழ் மீடியம். நேர்முகத் தேர்வில் எல்லாம் இங்கிலீஷாமே?

ஆமாம், ஐந்து நாள் நடக்கும். மைசூரு, டேராடூன், வாரணாசி, காந்திநகர் போன்ற ஊர்களில் தேர்வு வாரியங்கள் இருக்கின்றன. நான் அந்த மேஜையில் உட்கார்ந்தவள் இல்லை. அங்கே தேறி மெடிக்கலுக்கு வந்த பெண்கள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன்.

முதல் நாளே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தை 30 நொடி காட்டி, கதை எழுதச் சொல்லி, அப்புறம் குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். அங்கே வடக்கத்திப் பெண்கள் சந்தைக்கடை மாதிரிக் கத்துவார்கள், நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டும் தேறாது. நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: "மேடம், நான் மூணே மூணு தடவைதான் பேசினேன். ஆனா மூணு தடவையும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க." இலக்கணம் தப்பாகத்தான் பேசியிருக்கிறாள், அதையும் அவளே சொன்னாள். தேறிவிட்டாள்.

அப்புறம் ஒரு வார்த்தையைத் திரையில் காட்டி, 15 நொடியில் வாக்கியம் எழுதச் சொல்வார்கள். இப்படி 60 வார்த்தை. தமிழில் யோசித்து இங்கிலீஷில் மாற்ற நேரம் இருக்காது. அதற்கு ஒரே பயிற்சி, தினமும் எழுதுவது. உன் பாட்டிக்கு இங்கிலீஷ் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டு. அவருக்குப் புரியாது, உன் தப்பைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல ஸ்போக்கன் கிளாஸ் இல்லை.

எங்கே பலர் அசட்டையாக இருக்கிறார்கள் என்றால், விமானிக்கான திறன் தேர்வில். கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துக் கைப்பிடி, மிதி கொடுத்து, கண்ணும் காதும் கையும் காலும் ஒரே நேரத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அதை எழுதலாம். தோற்றால் விமானப்படை விமானி ஆசை அங்கேயே முடிந்தது. காய்ச்சலோடும், ரயிலில் தூங்காத கண்ணோடும் போய் அதில் உட்காராதே. ஒரு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடு.

சிதம்பரம்: மாதவிடாய் நாட்களில் போர் விமானம் ஓட்ட விடுவார்களா? பெண் உடல் அந்த அழுத்தத்தைத் தாங்குமா? (கேட்க வெட்கமாக இருக்கிறது.)

வெட்கம் எதற்கு? வந்த கடிதங்களில் பதினொன்று இதே கேள்வி.

விடுவார்கள். அந்த நாட்களில் பறக்கக் கூடாது என்று விதி இல்லை. கடுமையான வயிற்றுவலி என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்வார். காய்ச்சல் வந்த ஆண் விமானிக்கும் அதையேதான் சொல்வோம். ஆனால் வலி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறக் கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் இருமல் மருந்துகூடக் குடிக்கக் கூடாது என்பதுதான் விமானிகளுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது.

அழுத்தத்தைப் பற்றி. போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது உடல் எடை பல மடங்காகும். 55 கிலோ பெண் 9 மடங்கில் 495 கிலோ. கையைத் தூக்க முடியாது. ரத்தம் காலுக்கு இறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பது போலிருக்கும், அப்புறம் இருட்டு, அதையும் தாண்டினால் மயக்கம். பெங்களூரு விமான மருத்துவ நிலையத்தில் இதற்காகவே ராட்டினம் மாதிரி ஒரு இயந்திரம் இருக்கிறது. நீண்ட கை, அதன் நுனியில் ஒரு கூண்டு. ஆளை உள்ளே வைத்துச் சுற்றுவோம். நான் வெளியே திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கன்னச் சதை தொங்கும், இருபது வயசு முகம் அறுபது வயசாகும். கூண்டிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணாடி பார்ப்பார்கள், ஆண்களும்தான்.

தாங்குவது எப்படி? ஜி-சூட் காற்றடித்துக் காலையும் வயிற்றையும் இறுக்கும். மீதி நம் உழைப்பு. தொடை, புட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று நொடிக்கு ஒருமுறை 'ஹக்' என்று கொஞ்சம் விட்டுச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். பிரசவ வார்டில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். இதில் ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. தேவை வலுவான தொடையும் இடுப்பும். தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து களை எடுக்கிற பெண்ணுக்கு அதில் பாதி இருக்கிறது. மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிற பெண் இங்கே முதலில் மயங்குவாள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு என் கவலை வேறு: ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், இந்த வாரமே போங்கள். முருங்கைக்கீரை நல்லது, ஆனால் 9 இருக்கிறவளை அது மட்டும் 12-க்குக் கொண்டுவராது. அங்கே தருகிற இரும்பு மாத்திரையை விழுங்குங்கள். சாப்பிட்ட உடனே காபி குடிக்காதீர்கள், சேர வேண்டிய இரும்பைக் காபி சேர விடாது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, காபி இல்லாமல் நானே நகர மாட்டேன்.

வத்தலகுண்டு: கொடைக்கானல் பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுப்பேன். நான் எப்படி விமானம்...?

நானும் எடுத்திருக்கிறேன். ஒருமுறை கிரண் பயிற்சி விமானத்தில் ஆசிரியர் பக்கத்து இருக்கையில் என்னை உட்காரவைத்தார். டாக்டரும் அவ்வப்போது பறந்து பார்த்தால்தான் விமானி சொல்வது புரியும் என்று அப்படி ஒரு வழக்கம். ஒரு உருளல், ஒரு வளையம். காலையில் சாப்பிட்ட பூரி கிழங்கு முழுக்கப் பைக்குப் போனது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த வளையத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போட்டார்.

பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களில் பலருக்கு, தானே ஓட்டினால் வருவதில்லை. அடுத்த வளைவு எங்கே என்று கைக்குத் தெரியும் அல்லவா? பயிற்சியில் முதல் சில பறத்தல்களில் குமட்டல் வருவது சகஜம், பெரும்பாலோருக்குப் பழகிவிடும். விடாமல் வந்தால் பெங்களூரில் அதற்கென்று சுழலும் நாற்காலிப் பயிற்சி இருக்கிறது. வெறும் வயிற்றோடு போகாதே, இரண்டு இட்லி போதும்.

மணப்பாறை, ஒரு தாய்: என் மகளுக்கு 21 வயது. விமானப்படை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரே மகள். நல்ல வரன்கள் வருகின்றன. ஆபத்து ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதினால் அனுப்புகிறேன்.

அப்படி எழுத என்னால் முடியாதம்மா.

போர் நடந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை, சாதாரணப் பயிற்சியிலும் விபத்து நடக்கும். என் பணிக்காலத்தில் ஒருமுறை, தளத் தலைவரோடு நானும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சொல்லப்போகிறவர்களோடு டாக்டரும் போவது முறை, யாராவது மயங்கி விழுந்தால் பார்க்க. கதவைத் திறந்த அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அதைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் உள்ளே போய் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வந்தது. உங்கள் பயத்தை யாரும் மூடத்தனம் என்று சொல்லவிடாதீர்கள், மகள் உட்பட.

ஆனால் அவள் எதற்குப் போகிறாள் என்று உட்கார்ந்து கேளுங்கள். சீருடைக்கும் போட்டோவுக்கும் போகிறவள் துண்டிகலில் முதல் மாதமே திரும்பி வந்துவிடுவாள், நீங்கள் தடுக்கவே வேண்டாம். 'விமானம் ஓட்ட வேண்டும்' என்று மட்டும் சொல்கிறவளைத் தடுத்தும் பயனில்லை.

கல்யாண விஷயம் கறாரானது. 25 வயதுக்குக் கீழே இருந்தால் மணமாகாதவராக இருக்க வேண்டும், பயிற்சி முடியும்வரை மணம் செய்யக் கூடாது. பயிற்சி ஒரு வருஷத்துக்கு மேல் நடக்கும். பிறகு ஃபைட்டர் பிரிவு கிடைத்தால் ஹாக் விமானத்தில் தனிப் பயிற்சி, அப்புறம் படைப்பிரிவில் முழுதாகத் தேற இன்னும் சில வருஷம். முதல் மூன்று பெண்களிடம் நான்கு வருஷத்துக்குத் தாய்மையைத் தள்ளிவைக்குமாறு அறிவுரை சொன்னார்கள். கர்ப்ப காலத்தில் பாய்கிற இருக்கையில் உட்கார முடியாது, அதனால்தான். ஆக வரன்காரர்களிடம் நாலைந்து வருஷம் பொறுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள், உங்களுக்கும் சலிக்கிற வேலை மிச்சம்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பயிற்சிக்கு நீங்கள் ஒரு காசு தர வேண்டாம். பயிற்சியின் கடைசி வருஷத்தில் அவளுக்குத்தான் மாதம் 56,100 ரூபாய் தருவார்கள்.

ஆவடி: ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் மெடிக்கலில் பாஸ் பண்ணித் தருவதாகச் சொல்கிறார்.

போலீஸிடம் போங்கள். நியாயமாக நிராகரிக்கப்படவில்லை என்று தோன்றினால் மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது. எப்படிக் கேட்பது, எத்தனை நாளுக்குள் என்று அங்கேயே எழுதித் தருவார்கள்.

தஞ்சாவூர்: எங்கள் ஊர் விமானத் தளத்திலேயே எனக்கு வேலை கிடைக்குமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

உங்கள் ஊரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. சூலூரில் தேஜஸ். ஆசைப்படலாம், கேட்கலாம், கிடைக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். எனக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது மொத்தமே மூன்று வருஷம். அம்மாவைக் கூடவே அழைத்துப் போகலாம், குடியிருப்பும் ராணுவ மருத்துவமனையும் உண்டு. அசாமில் நல்ல புழுங்கலரிசி கிடைக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அருப்புக்கோட்டை, எட்டாம் வகுப்பு: 2024-ல் மெரினாவில் விமான சாகசம் பார்த்தேன். அன்றிலிருந்து ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போது என்ன செய்ய வேண்டும்?

நம் பக்கத்துப் பிள்ளை! நான் ராஜபாளையம்.

மேலே அக்காக்களுக்குச் சொன்ன செ.மீ. கணக்கை எல்லாம் நீ படிக்காதே, உனக்கு இன்னும் வளர்ச்சி இருக்கிறது. சுவரில் தினமும் கோடு போட்டு அழாதே. கணக்கை விடாதே. பள்ளியில் என்சிசி இருந்தால் சேர். சைக்கிளில் போ. நீச்சல் கற்றுக்கொள், கிணறானாலும் பரவாயில்லை, ஆனால் பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும். போனை இருட்டில் முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்காதே, வெயிலில் போய் விளையாடு. கண்ணுக்கு அது நல்லது.

சிரிக்கிறவர்களிடம் ஒரு பெயரைச் சொல். பத்மா பந்தோபாத்யாய். திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். என்னைப் போலவே விமான மருத்துவம் படித்தவர். இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் அவர்தான். எனக்கு அந்தப் பெயர் எட்டாம் வகுப்பில் தெரியாது. தெரிந்திருந்தால் என் அப்பாவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசியிருப்பேன்.

காது, மூக்கு, பல் கம்பி பற்றிய கடிதங்கள் இன்னும் பையில் இருக்கின்றன. பல் கம்பி கேட்ட தூத்துக்குடிப் பெண்ணுக்கு அடுத்த இதழில் முதல் பதில். அதுவரை கம்பியைக் கழற்றிவிடாதே.